மியூச்சுவலா, கன்டெஸ்டா, நீதிமன்றப் பிரிவா? குழந்தை உள்ள தம்பதியர் விவாகரத்துக்கு முன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியவை

பிரிவது என்று முடிவான பிறகு வழக்கறிஞரைப் போய்ப் பார்த்தால், அவர் கேட்கும் முதல் கேள்வி "மியூச்சுவலா, கன்டெஸ்டா?" என்பதுதான்; அதாவது இருவரும் சம்மதித்துப் பிரிவதா, ஒருவர் எதிர்க்க வழக்காடுவதா என்று. கோபத்தில் வந்தவர் "கேஸ் போடுங்க சார்" என்று சொல்லிவிடுகிறார். களைத்துப்போய் வந்தவர் "எங்க கையெழுத்துப் போடணும்?" என்று கேட்கிறார். இரண்டும் அந்த நிமிடத்து மனநிலையில் எடுத்த முடிவுகள். அடுத்த பத்து, பதினைந்து ஆண்டுகளுக்குக் குழந்தை எந்த வீட்டில் தூங்கும், பள்ளிக் கட்டணம் யார் கட்டுவார் என்பதெல்லாம் அந்த ஒரு பதிலில் இருந்துதான் கிளை விடுகிறது.

இங்கே முடிவுகள் இரண்டு. திருமண உறவைச் சட்டப்படி எந்த வழியில் முடிப்பது என்பது ஒன்று. குழந்தை யாரிடம், எந்த ஏற்பாட்டில் வளர்வது என்பது மற்றொன்று. விவாகரத்து ஆணை உறுதியாகிவிட்டால் திரும்பாது. குழந்தை பற்றிய ஆணை அப்படியல்ல. குழந்தைக்கு 18 வயதாகும்வரை, சூழ்நிலை மாறினால் அதை மாற்றக் கேட்டு மனு போடலாம். பெரும்பாலானோர் முதல் முடிவுக்காகப் பல மாதம் மல்லுக்கட்டிவிட்டு, இரண்டாவதை ஒரே வரியில் எழுதிக் கையெழுத்திட்டு விடுகிறார்கள். பின்னாளில் சண்டை கிளம்புவது அந்த ஒரு வரியில்தான்.

கீழே உள்ளவை 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தை அடிப்படையாகக் கொண்டவை. இந்து, பௌத்த, சமண, சீக்கியத் திருமணங்களுக்கு அது பொருந்தும். மற்றச் சட்டங்கள் எங்கே மாறுபடுகின்றன என்பதைக் கடைசியில் பார்க்கலாம்.

## எதை வைத்து எடை போடுவது?

முதலில் உங்கள் பாதுகாப்பு. அடி, மிரட்டல், வீட்டை விட்டு விரட்டுதல் இருந்தால், எந்த விவாகரத்து வழி என்று யோசிப்பதற்கு முன்பே 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் பாதுகாப்பு ஆணை, குடியிருக்கும் உரிமை, தற்காலிகக் கஸ்டடி (குழந்தையைத் தன்னிடம் வைத்திருக்கும் உரிமை) ஆகியவற்றைக் கேட்கலாம். அதற்கு விவாகரத்து வழக்கு நிலுவையில் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. பெண்களுக்கான உதவி எண் 181.

அடுத்து, எதிர்த்தரப்பின் சம்மதம் எவ்வளவு நிலையானது என்பது. "சரி" என்று இன்று சொல்பவர் ஆறு மாதம் கழித்தும் அதையே சொல்வாரா? மூன்றாவது, ஆதாரம். குற்றச்சாட்டை நிரூபிக்கத் தேதி, சாட்சி, ஆவணம் இருக்கிறதா? நான்காவது பணம்: வழக்கறிஞர் கட்டணத்தோடு ஒவ்வொரு வாய்தாவுக்கும் போகும் விடுப்பு, பயணம், இடைப்பட்ட காலத்துச் செலவு எல்லாம் சேர்த்து. மறுமணம் செய்யும் எண்ணம் உண்டா என்பதையும் மனதுக்குள்ளாவது தெளிவாகச் சொல்லிக்கொள்ளுங்கள். அதைப் பொறுத்து ஒரு வழி முற்றிலும் அடைபட்டுப் போகும்.

எல்லாவற்றுக்கும் மேலே குழந்தை. 1956-ஆம் ஆண்டு இந்து சிறார் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, குழந்தையின் நலனே தலையாயது என்கிறது. அப்பாவின் உரிமை, அம்மாவின் உரிமை இரண்டும் அதற்குப் பின்னால்தான்.

## பரஸ்பர சம்மத விவாகரத்து

சட்டப் பிரிவு 13-பி. மனுத் தாக்கலுக்கு முன் குறைந்தது ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும், இனிச் சேர்ந்து வாழ முடியாது என்ற நிலை இருக்க வேண்டும், இருவரும் மனமொத்துப் பிரிய ஒப்ப வேண்டும். பிரிந்து வாழ்வது என்றால் தனித்தனி வீடு என்று அர்த்தமில்லை. ஒரே கூரையின் கீழ் இருந்தும் கணவன் மனைவியாக வாழாதிருந்தால் அதுவும் பிரிவுதான் என்று உச்ச நீதிமன்றம் 1991-இல் விளக்கியிருக்கிறது. வாடகை கட்ட வழியில்லாமல் ஒரே வீட்டில் தனி அறையில் இருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நடைமுறை இப்படி. கூட்டு மனு, இருவரின் பிரமாணப் பத்திரம், திருமணப் பதிவுச் சான்று (பதிவு செய்யாதிருந்தால் பத்திரிகையும் திருமணப் புகைப்படமும்), முகவரிச் சான்று, குழந்தையின் பிறப்புச் சான்று ஆகியவற்றுடன் தாக்கல் செய்ய வேண்டும். முதல் மோஷனில் (நீதிபதி முன் நடக்கும் முதல் கட்டத்தில்) இருவரும் ஆஜராகி வாக்குமூலம் தர வேண்டும். மனுத் தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குப் பிறகும் 18 மாதத்துக்குள்ளும் இரண்டாம் மோஷன். அன்றும் இருவரின் சம்மதம் அப்படியே இருக்கிறதா என்று நீதிபதி கேட்டுத் திருப்தியடைந்த பிறகே ஆணை வரும். வெளிநாட்டில் இருப்பவர் காணொளி வழியே ஆஜராக அனுமதி கேட்டுத் தனி மனு போடலாம்.

அந்த ஆறு மாதக் காத்திருப்பைத் தள்ளுபடி செய்யலாமா என்பதுதான் எல்லாரும் கேட்கும் கேள்வி. செய்யலாம். அது கட்டாயம் அல்ல, நீதிமன்றத்தின் விருப்புரிமைக்கு உட்பட்டது என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. முதல் மோஷனுக்கு முன்பே ஒன்றரை ஆண்டு பிரிவு முடிந்திருக்க வேண்டும். சமரச முயற்சி தோற்றிருக்க வேண்டும். ஜீவனாம்சம், குழந்தை உள்ளிட்ட எல்லாம் உண்மையிலேயே பேசி முடிக்கப்பட்டிருக்க வேண்டும். காத்திருப்பதால் வேதனை மட்டுமே நீளும் என்ற நிலை இருக்க வேண்டும். முதல் மோஷன் முடிந்து ஒரு வாரத்தில் இதற்கான மனுவைக் கொடுக்கலாம். கேட்டவுடன் கிடைத்துவிடும் என்று நம்பி மண்டபம் பார்க்கப் போய்விடக் கூடாது.

இந்த வழியில் கண்ணுக்குத் தெரியாத செலவுகள் உண்டு. ஆணை வரும்வரை யார் வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். பணம் முழுவதையும் முதல் மோஷனிலேயே கொடுத்துவிட்டால், கொடுத்தவர் மாட்டிக்கொள்வார். கடைசியில் தருவதாக வாய்வார்த்தையில் விட்டால், வாங்க வேண்டியவர் மாட்டிக்கொள்வார். அதனால் தொகையைப் பிரித்து, ஒரு பகுதி முதல் மோஷனில், பெரும் பகுதி இரண்டாம் மோஷனில் நீதிபதி முன்னிலையில் டிடியாக, மீதி நிலுவை வழக்குகள் முடியும் நாளில் என்று ஒப்பந்தத்தில் எழுதுவது நல்லது. டிடி எண்ணும் தேதியும் ஆணையிலேயே இடம்பெறட்டும்.

நிலுவை வழக்கு என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். கொடுமைப்படுத்தியதாகப் போடப்பட்ட வழக்கு (பழைய 498-ஏ, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 85-ஆம் பிரிவு) "வாபஸ்" வாங்கிவிட்டால் முடிந்துவிடாது. தமிழ்நாட்டில் அதை உயர் நீதிமன்றத்தில்தான் ரத்து செய்ய வேண்டும். அதற்குப் புகார் கொடுத்தவர் சமரசத்தை உறுதி செய்ய வேண்டும். விவாகரத்து ஆணை கிடைத்த பிறகு இந்த வேலைக்கு வர மறுப்பதும் வராதவரைத் துரத்துவதும் அன்றாடம் நடக்கிறது. யார், எத்தனை நாளில், யார் செலவில் என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

வீடும் வீட்டுக் கடனும் அடுத்த பள்ளம். "இனிக் கடனை அவரே கட்டுவார்" என்று ஆணையில் எழுதியிருக்கலாம். வங்கியை அது கட்டுப்படுத்தாது. கூட்டுக் கடனாளியாக நீங்கள் கையெழுத்திட்டிருந்தால், வங்கி எழுத்துமூலம் விடுவிக்கும்வரை தவணை தவறும்போது உங்கள் கடன் மதிப்பெண்ணும் சேர்ந்தே சரியும். வீட்டை ஒருவர் பெயருக்கு மாற்றுவதாக இருந்தால், குடும்ப உறுப்பினர்களுக்கு இடையிலான செட்டில்மென்ட் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வையில் சலுகை உண்டு. விவாகரத்து ஆணை வந்த மறுநாள் நீங்கள் இருவரும் கணவன் மனைவி அல்ல. ஆகவே பதிவை இரண்டாம் மோஷனை ஒட்டி, ஆணைக்கு முன்னால் வைத்துக்கொள்வது வழக்கம். வெகுமுன்பே எழுதிக் கொடுத்துவிட்டால், எதிர்த்தரப்பு சம்மதத்தை விலக்கிக்கொள்ளும்போது பத்திரத்தைத் திருப்ப வழக்குப் போட வேண்டியிருக்கும்.

நகைக்கும் இதே கவனம் வேண்டும். பெண்ணுக்குச் சீதனமாக வந்தது அவருடைய சொத்து. சவரன் கணக்கு, படம், ஒப்படைத்த தேதி, இருவர் கையெழுத்து என்று ஒரு பட்டியலை ஒப்பந்தத்தோடு இணைத்தால் அந்தத் தகராறு அத்தோடு முடியும்.

"இனி ஒருவர் மீது ஒருவருக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரி எல்லா ஒப்பந்தத்திலும் இருக்கும். உங்களைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் கதவை அடைத்துவிடும். குழந்தையைப் பொறுத்தவரை அடைக்காது. குழந்தையின் பராமரிப்பு உரிமையை அம்மாவோ அப்பாவோ விட்டுக்கொடுத்துக் கையெழுத்திட முடியாது.

யாருக்கு இது நல்லது: இருவருமே பேசும் நிலையில் இருப்பவர்கள், குழந்தைக்காகத் தொடர்ந்து தொடர்பில் இருக்க வேண்டியவர்கள், விரைவில் மறுமணம் நினைப்பவர்கள். பெரும்பாலான குடும்பங்களுக்கு இதையே முதலில் முயல வேண்டும். மிரட்டலுக்குப் பயந்து கொடுக்கும் சம்மதம் மட்டும் இதில் சேராது. குழந்தையை விட்டால்தான் விடுதலை என்றோ, பணத்தை விட்டால்தான் குழந்தை என்றோ பேரம் நடந்தால் கையெழுத்தை நிறுத்திவிடுங்கள்.

## வழக்காடும் விவாகரத்து

இதற்குப் பிரிவு 13. காரணம் சொல்லி நிரூபிக்க வேண்டும்: கொடுமை, மனுவுக்கு முன் தொடர்ச்சியாக இரண்டாண்டு கைவிட்டிருத்தல், பிறர் உறவு, மதமாற்றம், குணமாகாத மனநலக் கோளாறு, ஏழாண்டு தகவல் இல்லாமை போன்றவை. தொழுநோய் ஒரு காரணமாக இருந்ததை 2019-இல் நீக்கிவிட்டார்கள். விதிவிலக்கான கடுந்துன்பம் இருந்தாலொழிய, திருமணமாகி ஓராண்டுக்குள் இந்த மனுவைப் போட முடியாது.

"எங்களுக்குள் ஒன்றுமே இல்லை, உறவு செத்துப்போச்சு" என்பது குடும்ப நீதிமன்றத்தில் காரணம் ஆகாது. மீள முடியாதபடி முறிந்த திருமணம் என்று முடித்துவைக்கும் அதிகாரம், அரசியல் சட்டத்தின் 142-ஆம் உறுப்பின் கீழ் உச்ச நீதிமன்றத்துக்கு மட்டுமே உண்டு. 2023 மே மாதம் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை உறுதிசெய்தது. அதை நம்பி நேராக அங்கே மனுப் போடும் வழியும் இல்லை.

ஆறு மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடப்பில் ஆண்டுக் கணக்கில் ஓடும். சம்மன் சேர்வதற்கே சில வாய்தா. பிறகு கவுன்சலிங், சமரச மையம், எதிருரை, இடைக்கால மனுக்கள், சாட்சியப் பிரமாணப் பத்திரம், குறுக்கு விசாரணை, வாதம். இதில் வழக்கைத் தோற்கடிப்பது பெரும்பாலும் மனுவின் எழுத்துத்தான். "எப்போதும் கொடுமைப்படுத்தினார்" என்று பொதுவாக எழுதினால் குறுக்கு விசாரணையில் அது நிற்காது. என்ன நடந்தது, எந்த மாதம், யார் இருந்தார்கள், மருத்துவச் சீட்டு உண்டா, அன்றே யாரிடமாவது சொன்னீர்களா என்று ஒவ்வொரு சம்பவத்துக்கும் ஒரு பத்தி வேண்டும். வாட்ஸ்ஆப் செய்தி கொடுப்பதாக இருந்தால் ஸ்கிரீன்ஷாட்டோடு மின்னணுச் சான்றுக்கான சான்றிதழும் சேருங்கள். போனை மாற்றும்போது பழையதை விற்றுவிடாதீர்கள்.

மனைவி தான் குடியிருக்கும் ஊரிலேயே மனுப் போடலாம். கணவர் வேறு ஊரில் முந்திக்கொண்டு போட்டிருந்தால், மாற்றக் கேட்டு உயர் நீதிமன்றத்துக்கும், வேறு மாநிலம் என்றால் உச்ச நீதிமன்றத்துக்கும் போக வேண்டும். மூல வழக்கு ஒரு அடி நகரும் முன்பே இதற்கு ஒரு செலவு.

வழக்கு ஓடும் காலத்துக்கு 24-ஆம் பிரிவில் இடைக்கால ஜீவனாம்சமும் வழக்குச் செலவும் கேட்கலாம். கணவன், மனைவி இருவரில் வருமானம் இல்லாத யாரும். நோட்டீஸ் சேர்ந்து 60 நாளில், இயன்றவரை, முடிக்கச் சொல்கிறது சட்டம். 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கொடுத்த வழிகாட்டுதலின்படி இரு தரப்பும் சொத்து, கடன், வருமான விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும். தொகையும் மனுப் போட்ட நாளிலிருந்தே கணக்காகும். ஆகவே இந்த மனுவை "பார்த்துப் போடலாம்" என்று தள்ளிவைப்பது நேரடி நஷ்டம்.

எதிர்த்தரப்பு வராமலே கிடைக்கும் எக்ஸ்பார்ட்டி ஆணை கையில் வந்ததும் நிம்மதி அடைபவர்கள் உண்டு. சம்மன் சரியாகச் சேரவில்லை என்று காட்டினால் அதை ரத்து செய்து வழக்கை மீண்டும் திறக்கலாம். மேல்முறையீட்டுக் காலம் முடியும் முன் மறுமணம் செய்வது இதனால்தான் ஆபத்து.

யாருக்கு இது நல்லது: எதிர்த்தரப்பு சம்மதிக்கவே மாட்டேன் என்பவர், வன்முறை நடந்ததற்கு ஆதாரம் உள்ளவர், வருமானத்தை மறைக்கும் துணையிடமிருந்து கணக்கைக் கறக்க வேண்டியவர். வழக்குத் தொடங்கிவிட்டால் கடைசிவரை போயாக வேண்டும் என்பதில்லை. நடுவில் சமரச மையத்தில் பேசி, கூட்டு மனுவாக மாற்றிக்கொள்வது தினசரி நடப்பதுதான். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் அத்தகைய மையம் 2005 முதல் இயங்குகிறது. மாவட்ட நீதிமன்றங்களிலும் உண்டு.

## நீதிமன்றப் பிரிவு

பிரிவு 10. திருமணம் அப்படியே இருக்கும், சேர்ந்து வாழும் கடமை மட்டும் இல்லை. விவாகரத்துக்கான அதே காரணங்களில் ஒன்றை நிரூபிக்க வேண்டும். இருவரும் சேர்ந்து கையெழுத்திட்டுப் பெறும் வழி இதில் தனியாக இல்லை என்பது பலருக்கும் தெரியாது.

திருமணமாகி ஓராண்டு ஆகாதவர்களுக்கும் இது திறந்திருக்கிறது. மத நம்பிக்கை, வயதான பெற்றோர் ஆகியவற்றால் விவாகரத்து என்ற சொல்லையே ஏற்க முடியாதவர்களுக்கும், சேர வாய்ப்பு ஒரு துளியேனும் இருக்கிறது என்று நினைப்பவர்களுக்கும் இது பொருந்தும். ஜீவனாம்சமும் குழந்தை பற்றிய ஆணையும் இதிலும் கேட்கலாம். சட்டப்படி மனைவி என்பதால், உயில் எழுதாமல் கணவர் இறந்தால் வாரிசுரிமை நிற்கும், கணவருக்கும் அவ்வாறே.

மறைந்திருக்கும் விலை இரண்டு. மறுமணம் முடியாது. ஆணைக்குப் பிறகு ஓராண்டு சேர்ந்து வாழாவிட்டால் இருவரில் யார் வேண்டுமானாலும் அதையே காரணமாக வைத்து விவாகரத்துக் கேட்கலாம். அதாவது "விவாகரத்து வேண்டாம்" என்று இந்த வழியைத் தேர்ந்தவர், எதிர்த்தரப்புக்கு ஓராண்டில் திறக்கும் ஒரு வாசலைக் கொடுக்கிறார்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத ஒன்று: ஊர்ப் பஞ்சாயத்தில் "தீர்த்துவிட்டாச்சு" என்பதும், நோட்டரி முன்னால் முத்திரைத் தாளில் எழுதிய விடுதலைப் பத்திரமும். நிரூபிக்கத்தக்க வழக்காறு உள்ள சமூகங்களைத் தவிர, இவற்றால் திருமணம் முடிவதில்லை. அதை நம்பி மறுமணம் செய்தால் இருதார மணக் குற்றம். இரண்டாவது மணமும் செல்லாது.

## மூன்றும் பக்கத்தில் பக்கத்தில்

| பார்க்க வேண்டியது | பரஸ்பர சம்மதம் | வழக்காடுதல் | நீதிமன்றப் பிரிவு |
|---|---|---|---|
| தொடங்கத் தேவை | ஓராண்டு பிரிவு, இருவர் சம்மதம் | சட்டம் சொல்லும் காரணம், திருமணமாகி ஓராண்டு | சட்டம் சொல்லும் காரணம் |
| காலம் | 6 முதல் 18 மாதம். தள்ளுபடி கிடைத்தால் குறையும் | பல ஆண்டு | எதிர்த்தால் பல ஆண்டு |
| நிரூபிக்கும் சுமை | இல்லை | முழுவதும் | முழுவதும் |
| மறுமணம் | ஆணைக்குப் பின் | மேல்முறையீட்டுக் காலம் முடிந்த பின் | முடியாது |
| வாரிசுரிமை | போய்விடும் | போய்விடும் | நிற்கும் |
| பெரிய ஆபத்து | சம்மதம் பின்வாங்கல், ஓட்டையான ஒப்பந்தம் | நீளும் செலவு, நிரூபிக்க முடியாமை | பாதி வழியில் நின்றுபோதல் |

## குழந்தை: கஸ்டடி ஏற்பாடுகளை ஒப்பிடுதல்

கஸ்டடி என்பது குழந்தை யாருடன் வாழ்கிறது, அன்றாடம் யார் கவனிக்கிறார் என்பது. காப்பாளர் என்பது குழந்தையின் சொத்து, பெரிய முடிவுகள் தொடர்பான சட்ட நிலை. கஸ்டடி அம்மாவிடம் போனாலும் அப்பாவின் காப்பாளர் நிலை தானாக அழிவதில்லை. அப்பாவுக்குப் பிறகே அம்மா என்று சட்டத்தில் இருந்த வாசகத்தை, அப்பா கவனிக்காத நிலையிலும் அம்மா காப்பாளராகலாம் என்று பொருள்கொள்ள வேண்டும் என 1999-இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது.

ஐந்து வயது நிறையாத குழந்தை வழக்கமாக அம்மாவிடம் இருக்க வேண்டும். "வழக்கமாக" என்ற சொல் இருப்பதால், குழந்தைக்குக் கேடு என்று காட்ட முடிந்தால் மாறலாம். ஐந்து முடிந்ததும் அப்பாவிடம் போய்விடும் என்பது வெறும் வதந்தி. குழந்தையின் விருப்பத்தை நீதிபதி கேட்பார். அதற்கு நிர்ணயித்த வயது கிடையாது, சிந்தித்துச் சொல்லும் பக்குவம் வேண்டும். சொல்லிக்கொடுத்து அழைத்து வந்த குழந்தையை நீதிபதிகள் எளிதில் கண்டுபிடித்துவிடுவார்கள். அது சொல்லிக்கொடுத்தவருக்கே எதிராகப் போகும்.

ஒருவரிடம் கஸ்டடி, மற்றவருக்குப் பார்வையிடும் உரிமை. பெரும்பாலான ஆணைகள் இவ்வகை. பெற்றோர் வேறு வேறு ஊரில் இருந்தால், குழந்தை மிகச் சிறியதாக இருந்தால், இருவருக்கும் பேச்சு இல்லை என்றால் இதுவே நடைமுறைக்கு ஒத்துவரும். ஆபத்து, மற்றவர் மெல்ல மெல்ல விருந்தாளி ஆகிவிடுவது.

கூட்டுக் கஸ்டடி. இந்தியச் சட்டத்தில் இதற்கு இன்னும் வரையறை இல்லை. சட்ட ஆணையம் தன் 257-ஆம் அறிக்கையில் 2015-இல் பரிந்துரைத்தது. ஆனாலும் சமரச ஒப்பந்தம் வழியாகவும் நீதிமன்ற ஆணையாகவும் நடைமுறையில் இருக்கிறது. பள்ளிக்கு இரண்டு வீடும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். இரு வீட்டிலும் சீருடை, மருந்து, படிக்கும் இடம் வேண்டும். காய்ச்சல் வந்தால் உடனே மற்றவருக்குச் சொல்லும் பழக்கம் வேண்டும். இவை இல்லாமல் நியாயமாகத் தோன்றுகிறதே என்று எழுதிக்கொண்டால், வாரம் இருமுறை பையோடு அலைவது குழந்தைதான். வன்முறை இருந்த குடும்பத்துக்கு இதை ஒருபோதும் பரிந்துரைக்க முடியாது.

தாத்தா பாட்டி போன்ற மூன்றாமவரிடம். பெற்றோர் இருவருமே கவனிக்க முடியாத நிலையில் மட்டும், 1890-ஆம் ஆண்டு காப்பாளர் சட்டத்தின் கீழ். குழந்தை வழக்கமாக வசிக்கும் ஊரின் நீதிமன்றத்தில்தான் மனு.

பெயர் எதுவானாலும் வாழ்க்கையைத் தீர்மானிப்பது உள்ளே எழுதும் வாசகம். இரண்டு வாசகங்களைப் பாருங்கள்.

"தந்தை தன் வசதிப்படி குழந்தையைப் பார்த்துக்கொள்ளலாம்."

"மாதத்தின் முதல், மூன்றாம் சனிக்கிழமை காலை 10 மணிக்குத் தாயின் வீட்டு வாசலில் தந்தை குழந்தையை அழைத்துக்கொண்டு, ஞாயிறு மாலை 6 மணிக்கு அங்கேயே திரும்ப விட வேண்டும். குழந்தைக்கு உடல்நலமில்லாமல் தவறினால் அடுத்த சனிக்கிழமை ஈடுசெய்ய வேண்டும். கோடை விடுமுறையின் முதல் பாதி தந்தையிடம், இரண்டாம் பாதி தாயிடம். பொங்கல் ஒற்றைப்படை ஆண்டில் தாயிடம், தீபாவளி தந்தையிடம். இரட்டைப்படை ஆண்டில் மாற்றி. தினமும் இரவு 7.30 மணிக்குப் பத்து நிமிடம் வீடியோ அழைப்பு."

முதல் வாசகத்தை மீறினார் என்று யாரையும் நீதிமன்றத்தில் நிறுத்த முடியாது, ஏனென்றால் மீறுவதற்கு அதில் ஒன்றும் இல்லை. இரண்டாவதை நிறைவேற்ற மனுப் போடலாம். கஸ்டடி கிடைக்காத பெற்றோருக்குக் குழந்தையோடு தினமும் சில நிமிடம் பேசும் வாய்ப்பு வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருப்பதால், அழைப்பு நேரத்தைக் கேட்கத் தயங்க வேண்டாம். கடவுச்சீட்டை யார் வைத்திருப்பது, வெளிநாடு அழைத்துப் போக எத்தனை நாள் முன் எழுத்துமூலச் சம்மதம், பள்ளி மாற்றம், அறுவை சிகிச்சை, மதிப்பெண் அட்டை யாருக்கு என்பவற்றையும் எழுதுங்கள். குழந்தைக் கடத்தல் பற்றிய 1980 ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. எல்லை தாண்டிய பின் குழந்தையை மீட்பது மிகக் கடினம்.

பார்க்க விடவில்லை என்பதற்காகப் பணத்தை நிறுத்துவதும், பணம் வரவில்லை என்பதற்காகப் பார்க்க விடாததும் ஒன்றோடொன்று முடிச்சுப் போடக் கூடாதவை. இரண்டுக்கும் தனித்தனி மனு உண்டு. நடுவில் நிற்பது குழந்தை.

## மொத்தத் தொகையா, மாதா மாதமா?

மொத்தமாக வாங்கினால் துரத்தும் வேலை இல்லை, ஆனால் விலைவாசி ஏறினாலும் பெரும்பாலும் திரும்பக் கேட்க முடியாது. மாதாமாதம் என்றால் சூழ்நிலைக்கேற்ப உயர்த்தவோ குறைக்கவோ மனுப் போடலாம். வாங்குபவர் மறுமணம் செய்தால் நீதிமன்றம் மாற்றலாம். கொடுப்பவர் வேலையை விட்டால் நிலுவை ஏறும். பழைய 125-ஆம் பிரிவு, இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவு ஆணையின் நிலுவையை வசூலிக்க, தொகை செலுத்த வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனுப் போட வேண்டும். அசந்தால் பழைய பாக்கி கைநழுவும்.

கொடுப்பவரின் வருமானம் நிலையற்றது என்றால் துணைக்கு மொத்தத் தொகை, குழந்தைக்குத் தனியாக மாதத் தொகை என்று பிரிப்பது நல்ல ஏற்பாடு. குழந்தைக்கான தொகையில் ஆண்டுக்கு இத்தனை சதவீத உயர்வு என்று எழுதுங்கள். பள்ளிக் கட்டணத்தையும் மருத்துவத்தையும் தனி வரியாகப் பிரித்து, ரசீது காட்டியதும் எத்தனை நாளில் என்பதையும் சேருங்கள். எல்.கே.ஜி. கட்டணத்தில் நிர்ணயித்த தொகை பிளஸ் டூவுக்குப் போதாது.

## மற்றத் திருமணச் சட்டங்களில்

1954 சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவு செய்தவர்களுக்கு ஏறத்தாழ இதே மூன்று வழிகள், பிரிவு எண்கள் மட்டும் வேறு. கிறிஸ்தவர்களுக்கான 1869 விவாகரத்துச் சட்டம், சம்மத மனுவுக்கு இரண்டாண்டுப் பிரிவு கேட்கிறது. ஓராண்டு போதும் என்று சொன்ன உயர் நீதிமன்றத் தீர்ப்பும் உண்டு. இஸ்லாமியத் தம்பதியருக்கு குலா (மனைவி கேட்டுப் பெறும் விவாகரத்து), முபாரத் (இருவரும் ஒப்பிப் பிரிவது) போன்ற வழிகளும், பெண்கள் நீதிமன்றம் செல்ல 1939-ஆம் ஆண்டுச் சட்டமும் உள்ளன. வெளிநாட்டு நீதிமன்றத்தில் விவாகரத்து பெற்றவர்கள், இங்குள்ள சட்டம் ஏற்காத காரணத்தில் கிடைத்த ஆணை இந்தியாவில் செல்லாது என்ற 1991 உச்ச நீதிமன்றத் தீர்ப்பை மனதில் வைக்க வேண்டும்.

## கையெழுத்துக்கு முன்னும் ஆணைக்குப் பின்னும்

ஒப்பந்த வரைவைத் தமிழில் கேளுங்கள், வீட்டுக்கு எடுத்துப் போய் இரண்டு நாள் வைத்துப் படியுங்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞரே உங்களுக்கும் சேர்த்துப் பார்ப்பார் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வசதி இல்லை என்பது காரணமாக வேண்டாம்: பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பே இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நேரில் அணுகலாம், அல்லது 15100 என்ற எண்ணை அழைக்கலாம்.

ஆணை வந்ததும் சான்றிட்ட நகல் குறைந்தது மூன்று வாங்கி வையுங்கள். கடவுச்சீட்டு, பள்ளி, வங்கி எல்லாம் தனித்தனியே கேட்கும். பி.எஃப்., காப்பீடு, வங்கிக் கணக்கு ஆகியவற்றில் நாமினி பெயர் தானாக மாறாது; ஒவ்வொன்றையும் நீங்களே மாற்ற வேண்டும். குழந்தையின் பள்ளிக்கு, யார் யார் அழைத்துப் போகலாம் என்ற பட்டியலோடு ஆணையின் அந்தப் பக்கத்தை மட்டும் நகலெடுத்துக் கொடுத்தால் போதும். முழு ஆணையையும் கொடுக்கத் தேவையில்லை.